இலவச அம்மாச்சி

கேள்வி: ஒன்றரை வயது மகளைக் காப்பகத்தில் விட மாதம் 6,500 ரூபாய் கேட்கிறார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மனைவி சம்பளத்தில் பாதி இதற்கே சரியாகிவிடுகிறது. நாங்களெல்லாம் அம்மாச்சி வீட்டில் இலவசமாக வளர்ந்தவர்கள். காப்பகக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், திருநகர், மதுரை

பதில்: உச்சவரம்பு கிடக்கட்டும். அந்த 'இலவசமாக' என்பதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள்.

மிக்ஸி இலவசமாக வந்தது, கிரைண்டர் வந்தது, மின்விசிறி வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கும். எவர் தலையிலாவது செலவு எழுதப்பட்டிருக்கும். எந்தக் கணக்கிலும் எழுதப்படாத ஒரே இலவசம் அம்மாச்சிதான்.

எழுதிப் பார்ப்போமா? உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாச்சி ஒருவர் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மதுரைக்கு வருகிறார் என்று வையுங்கள். ஊரில் அவருக்கு நூறு நாள் வேலை அட்டை உண்டு. 2025-26ல் தமிழ்நாட்டில் அதற்கு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் கிடைத்தால் 33,600, மாதத்துக்கு 2,800. (நூறு நாளும் எங்கே கிடைக்கிறது என்பது வேறு சண்டை, அதை வேறு வாரம் போடலாம்.) மேய்க்க ஆளில்லாமல் இரண்டு ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். அவை போட்டிருக்கக்கூடிய குட்டிகளைக் கணக்கில் சேர்த்தால் நீங்கள் பத்திரிகையை மூடிவிடுவீர்கள். ஊரில் தாத்தா தனியாக இருக்கிறார்: காலையில் டீக்கடை பன், மதியம் முந்தாநாள் குழம்பு, ராத்திரி போனில் "சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு". இங்கே பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குவதில் மாதம் ஒரு தைலப் பாட்டில் தீர்கிறது. சீரியல் பார்க்க டிஷ் ரீசார்ஜ் தனி. அதிலும் பேத்தி ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வதால் கதை பாதிதான் கிடைக்கிறது. அந்தக் கட்டணத்திலாவது பாதியை அவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆக, இலவசம் இல்லை. செலவை அம்மாச்சி ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது அதே பில் உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது.

உங்கள் பெயருக்குத்தான், மனைவி பெயருக்கு மட்டும் அல்ல. பைக் தவணையை யார் சம்பளத்தில் கழிக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து 6,500ஐக் கழித்துப் பாருங்கள். 'பாதி' காணாமல் போய்விடும்.

காப்பகக்காரர் கொள்ளை அடிக்கிறாரா? நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 234 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய்கூட இல்லை. ஒரு டீ, ஒரு வடை. மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால் வரவு 65,000. தரைத்தள வீட்டு வாடகை 16,000, இரண்டு ஆயாக்களுக்கு 20,000, சமையலுக்கும் துடைப்பதற்கும் ஒரு ஆள் 6,000, பால் பருப்பு காய்கறி 9,000, கரண்ட் தண்ணீர் கேஸ் பினாயில் 5,000. கையில் நிற்பது 9,000. மே மாதம் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் நின்றுவிட்டால் அதுவும் இல்லை.

ஆயாவுக்கு என்ன வேலை என்பீர்கள். ஒரு குழந்தைக்கு நாளைக்கு நாலு தடவை துணி மாற்ற வேண்டும். கழுவி, துடைத்து, உலர விட்டு மாற்ற 5 நிமிடம். பத்துக் குழந்தைக்கு 200 நிமிடம். பருப்புச்சோறு ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. வேளைக்கு 20 நிமிடம் என்றால் பத்துப் பேருக்கு 400. மொத்தம் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். காப்பகம் திறந்திருப்பதே 9 மணி நேரம்தான். ஒரே ஆயா என்றால் தூங்க வைக்கவும், கடிபட்ட கையை ஊதிவிடவும், பாத்ரூம் பக்கம் தவழ்ந்து போனதை இழுத்து வரவும் ஆளே இல்லை. மூன்று வயதுக்குள் பத்துக் குழந்தைக்குக் குறைந்தது ஒரு பணியாளர், கூட ஒரு உதவியாளர் என்பதெல்லாம் சொகுசுக்காகச் சொன்னதல்ல.

உச்சவரம்பு போட்டால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். வாடகை குறையாது, பால் விலை குறையாது. இரண்டு ஆயா ஒருவராவார். இன்னொருவர் வேலையை டிவி பார்க்கும். இருக்கிற ஆயாவுக்கே நாளைக்கு 385 ரூபாய்தான் விழுகிறது. சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் மூன்று மாதத்துக்கொரு முகம் மாறுகிறது, உங்கள் மகள் திரும்ப முதல் நாள் போல அழுகிறாள்.

பில்லில் பங்கு போடவேண்டிய இரண்டு பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். முதலாவது முதலாளி. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று ஆனது. 50 பெண்கள் என்றில்லை, 50 பணியாளர். தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே 50தான். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒன்று நடத்தவும் அந்தத் தொகுப்பிலேயே இடம் கொடுத்தாயிற்று. கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் நம்மூர் ரிஜிஸ்டர்களில் 49க்குப் பிறகு எண்கள் கண்டுபிடிக்கப்படவில்லை. மிச்சப் பேரெல்லாம் கான்ட்ராக்ட். உங்கள் இருவர் ஆபீஸிலும் தலையை எண்ணி, எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது அரசு. தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கிறது. கட்டடம், அடுப்பு, முட்டை, பணியாளர் எல்லாம் இருக்கிறது. ஆபீஸ் விடுவதற்கு முன்பே பூட்டு விழுந்துவிடுகிறது. அங்கேயே கூடுதலாக இரண்டு பேருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து ஏழு மணி வரை திறந்து வைத்தால் வாடகை என்ற 16,000 கணக்கிலேயே வராது. அங்கன்வாடியோடு காப்பகம் நடத்த மத்திய அரசின் 'பால்னா' திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரை வழி வைத்திருக்கிறது. கேட்க வேண்டுமானால் இதைக் கேளுங்கள், வரம்பை அல்ல.

இந்தப் பக்கத்துக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும், ஆகவே சொல்லிவிடுகிறேன். காப்பகத்துக்கு 6,500 என்றால் முகம் சுளிக்கும் இதே ஊரில், அதே குழந்தையின் காதுகுத்துக்குப் பத்துக்கு இருபது அடியில் பேனர் நிற்கிறது. சதுர அடி 15 ரூபாய் என்றாலே 3,000; சட்டமும் கட்டுக்கூலியும் தனி. கூலிங்கிளாஸ் மாட்டிய குழந்தை நடுவில், சுற்றிலும் கைகூப்பிய முப்பது தாய்மாமன்கள். அந்த முப்பது பேரில் ஒருவர் வாரம் ஒரு நாள் லீவு போட்டு மருமகளைப் பார்த்துக்கொள்வாரா என்று மைக்கில் மொய் வாசிக்கிறவர் ஒரு வார்த்தை கேட்டால் மண்டபம் காலியாகிவிடும்.

சரி, அடுத்த மாதத்துக்கு வழி. ஒரே தெருவில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஆயா வையுங்கள். சம்பளம் 13,500. ஒரே வீட்டில் நடக்கட்டும்; மாதத்துக்கொரு வீடு மாற்றினால் குழந்தைக்குத் தூக்கம் கெடும். வீடு கொடுக்கும் குடும்பம் 3,500, மற்ற இருவரும் 5,000. ஆயாவுக்குக் காப்பகத்தைவிட 3,500 கூடுதல், உங்களுக்கு 1,500 மிச்சம். இது உடைவது மூன்று இடத்தில். ஆயா லீவு போடும் நாளில் யார் வீட்டில் நிற்பது என்று முன்கூட்டியே முறை வைக்காதது. "பிள்ளை ஊருக்குப் போயிட்டா, பத்து நாள் பிடிச்சுக்கோங்க" என்பது. ஆறு மணி என்று சொல்லி ஏழுக்கு வருவது. மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

காப்பகம்தான் என்றால், சொல்லாமல் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். தூங்கி எழும் நேரம், எல்லாம் ஒரே சமயத்தில் அழும். கேமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள், கேமரா துணி மாற்றாது. பாத்ரூமில் வாளி கவிழ்த்து வைத்திருக்கிறதா, வேர்க்கடலை போன்றவை எட்டும் இடத்தில் கிடக்கிறதா, யார் வந்தால் குழந்தையைக் கொடுப்பார்கள் என்று பாருங்கள். கறந்து வைத்த தாய்ப்பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை மாதத்து மதுரைக்கு அது செல்லாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிற நாளில் பாலை எதில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினால் சேருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.