'பெசாமே மூச்சோ' எப்படிப் பிறந்தது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 'பெசாமே மூச்சோ' ஸ்பெயின் நாட்டுப் பாட்டுதானே?

பதில்: மொழி ஸ்பானியம், தலைப்புக்கு 'நிறைய முத்தம் கொடு' என்று பொருள். ஆனால் பாட்டு மெக்சிகோவில் பிறந்த பொலேரோ, அதாவது மெதுவான காதல் பாட்டு. எழுதி மெட்டமைத்தவர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ். 1916-இல் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர், கச்சேரி மேடையில் செவ்விசை வாசித்த பியானோ கலைஞர். பாடியவர்களைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: எழுதியபோது அவர் யாரையும் முத்தமிட்டதே இல்லையாமே?

பதில்: அவரே சொன்னதுதான். எனக்கு இதில் வியப்பில்லை. பாட்டு என்ன சொல்கிறது, பாருங்கள்: 'நிறைய முத்தம் கொடு, இன்றிரவே கடைசி என்பதுபோல. உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. நாளை நான் வெகுதூரம் போயிருக்கலாம்.' முத்தம் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. பாட்டு முழுக்கப் பிரிவுப் பயம்தான். அதற்கு அனுபவம் வேண்டாம், பயந்த மனம் போதும்.

கேள்வி: மெட்டு சுட்டது என்கிறார்களே?

பதில்: அந்தச் சொல் வேண்டாமே. ஸ்பெயினின் என்ரிகே கிரனாடோஸ் 1911-இல் 'கோயெஸ்காஸ்' என்ற பியானோ தொகுப்பை எழுதினார். அதில் ஒரு பெண்ணும் நைட்டிங்கேல் பறவையும் வரும் பகுதியின் சாயல் இதில் இருக்கிறது. பியானோ படித்த பெண்ணின் விரலில் ஊறிய மெட்டு அது. இன்னொன்று: 1916 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயில் கிரனாடோஸ் வந்த கப்பலை ஜெர்மன் டார்பிடோ தாக்கியது. அவரும் மனைவியும் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்தார் கொன்சுவேலோ. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

கேள்வி: போருக்காக எழுதிய பாட்டா?

பதில்: இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பரவியது, அவ்வளவுதான். சன்னி ஸ்கைலர் எழுதிய ஆங்கில வரிகளோடு ஜிம்மி டோர்சியின் அமெரிக்க இசைக்குழு பாடி, 1944-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நாளை தூரமாய்ப் போய்விடுவேன் என்ற அந்த ஸ்பானிய வரி ஆங்கிலத்தில் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: பீட்டில்ஸ்கூடப் பாடினார்களாமே?

பதில்: ஆமாம், 1962 ஜனவரி 1, லண்டனில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்திய குரல் தேர்வில். பாடியவர் பால் மெக்கார்ட்னி. டெக்கா அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: முதலில் யார் பாடியதைக் கேட்கலாம்?

பதில்: சிலி நாட்டுப் பாடகர் லூச்சோ கத்திகா. அப்புறம் ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயின் பாடகி செசாரியா எவோரா. 'பெ-சா-மே' என்ற முதல் மூன்று அசைகளை அவசரமில்லாமல் நீட்டுவார்கள். அங்கே காதை வையுங்கள்.