பதினைந்து வயது மகன் விற்ற போக்கிமோன் கார்ட்: திருப்பி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் இலங்கையில், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் இருக்கிறோம். கனடாவில் இருக்கும் என் தம்பி, சின்ன வயதில் சேர்த்த போக்கிமோன் கார்ட்களை (ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்கள் அச்சிட்ட விளையாட்டு அட்டைகள்) என் 15 வயது மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் சாரிசார்ட் என்ற பாத்திரத்தின் கார்டு ஒன்றை, டியூஷன் பக்கம் பழக்கமான முப்பது வயதுக்காரர் ஒருவர் 8,000 ரூபாயும் இருபது புதுக் கார்ட்களும் கொடுத்து வாங்கிவிட்டார். கேட்டால், "விற்றது விற்றதுதான் அக்கா" என்கிறார். மகன் 3,000 ரூபாயைச் செலவழித்தும் விட்டான். என்ன செய்வது?

பதில்: அவர் சொல்வது சட்டம் அல்ல. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பராய வயது, அதாவது சட்டம் ஒருவரை வளர்ந்தவராகக் கருதும் வயது, 18. அதற்குக் குறைந்தவர் பெற்றோரின் சம்மதமின்றிச் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, வேண்டாமென்று விலகலாம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை இது.

ஆனால் இரண்டு விஷயங்களை மகனிடம் தனியாக, திட்டாமல் கேளுங்கள். "எனக்குப் பதினெட்டு" என்று அவரிடம் பொய் சொன்னானா? சொல்லியிருந்தால் வழக்கு பலவீனமாகும். நீங்களும் விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பணத்தில் டியூஷன் காசு கட்டியிருந்தால், விற்பனையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாட இடமுண்டு. மீதி 5,000 ரூபாயைத் தொடாதீர்கள். செலவான 3,000 ரூபாயைக் கொடுத்தே ஆக வேண்டுமென்று சட்டம் வற்புறுத்தாமல் போகலாம். என் யோசனை, முழு 8,000 ரூபாயையும் நீட்டுங்கள். பிறகு மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தால், நேர்மையாக வந்தவருக்கே மத்தியஸ்தர்கள் காது கொடுப்பார்கள்.

தம்பியிடமும் கேளுங்கள்: கார்டை மகனுக்கே கொடுத்தாரா, பார்த்து வைக்கச் சொன்னாரா? பார்த்து வைக்கத்தான் என்றால் சொந்தக்காரர் இன்னும் அவர்தான். அவரே உரிமை கோரலாம்.

"விலை குறைவு" என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 1999இல் வந்த முதல் தொகுதியின் சாரிசார்டில் கீழே வலது மூலையில் 4/102 என்று இருக்கும். அதிலும் முதல் பதிப்பு முத்திரை உள்ளதற்கும் இல்லாததற்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். ஓரம் வெளுத்திருந்தால் இன்னும் இறங்கும். பழைய படம் இருந்தால் எடுத்து வையுங்கள். வாதத்தின் உயிர் வயதில்தான் இருக்கிறது.

இன்றே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: மகனின் பிறந்த திகதி, விற்பனையிலிருந்து விலகுகிறோம், பணமும் இருபது கார்ட்களும் தயார், பதினான்கு நாளில் கார்டைத் தரவும். தாமதிக்க வேண்டாம், அது மூன்றாம் ஆளின் கைக்குப் போனால் மீட்பது பெரும் சிக்கல். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். "இது செல்லாத கார்ட் தம்பி" என்று தெரிந்தே பொய் சொல்லி வாங்கியிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின்படி மோசடி முறைப்பாட்டுக்கும் வழியுண்டு. இல்லையென்றால் பொலிஸுக்குப் போய் அலைய வேண்டாம். நுகர்வோர் அதிகார சபையும் இங்கே உதவாது, அவர் விற்றவர் அல்ல, வாங்கியவர்.

கடிதத்துக்கு அசையாவிட்டால், வழக்குக்கு முன் இரு தரப்பையும் பேசி இணக்கப் பார்க்கும் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே எங்களைப் போன்ற கறுப்புக் கோட்டுக்காரருக்கு வேலையில்லை, நீங்களே பேசலாம். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் மாவட்ட நீதிமன்றம் போக முடியும்.

அதுவரை அந்த இருபது கார்டில் ஒன்றைக்கூட மகன் நண்பர்களோடு மாற்றிக்கொள்ளாமல், எண்ணி, படம் எடுத்து, அலுமாரியில் பூட்டி வையுங்கள்.