‘கொடுத்திருக்க வேண்டும்’ என்று மேலாளர் சொன்னார்: ஷுட் ஹேவா, மஸ்ட் ஹேவா?

கேள்வி: ஸ்டாக் ரிப்போர்ட்டை நான் வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் சொன்னார். இதை இன்னொரு பிரிவுக்கு மெயிலில், ‘ஹி செட் ஐ மஸ்ட் ஹேவ் சப்மிட்டெட் தி ரிப்போர்ட் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதினேன். ‘அப்படியானால் கொடுத்துவிட்டீர்கள்தானே, எங்களுக்கு வரவில்லையே’ என்று பதில் வந்தது. எங்கே தவறு? பிறர் சொன்னதை எழுதும்போது ஷுட் ஹேவ், மஸ்ட் ஹேவ், ஹேட் டு, வுட் ஹேவ் இவற்றில் எதை எங்கே போடுவது?

பதில்: பொருளைப் புரட்டிய தவறு ‘மஸ்ட்’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அந்த இடத்தில் ‘ஷுட்’ வர வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் திருத்திக்கொண்டால் அடுத்த மெயிலில் இதே தவறு வேறு உருவத்தில் வரும். இதன் வேர் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

வாசலில் அண்ணனின் செருப்பு கிடக்கிறது. பார்த்ததும் ‘அண்ணன் வந்திருக்கணும்’ என்கிறோம். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டியாகிவிட்டது, மாமாவைக் காணோம். அங்கேயும் ‘மாமா வந்திருக்கணும்’ என்றுதான் சொல்கிறோம். முதலாவது ஊகம்: அண்ணன் வந்துவிட்டான் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது குறை: மாமா வரவில்லை. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தாலும், குரலும் சூழலும் இருப்பதால் கேட்பவர் குழம்புவதில்லை. ஆங்கிலம் இந்த வேலையை இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அண்ணனுக்கு ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’, மாமாவுக்கு ‘ஹி ஷுட் ஹேவ் கம்’. நீங்கள் குறையைச் சொல்ல நினைத்து ஊகத்தை எழுதிவிட்டீர்கள். மெயிலைப் படித்தவர்கள் ‘நீங்கள் ரிப்போர்ட்டைக் கொடுத்திருப்பீர்கள் என்று மேலாளர் ஊகித்தார்’ என்று சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எழுதும் முன் தமிழ் வாக்கியத்தின் பின்னால் ஒரு வால் ஒட்டிப் பாருங்கள். ‘ஆனால் செய்யவில்லை’ என்பது பொருந்தினால் ஷுட் ஹேவ். ‘போலிருக்கிறது’ என்பது பொருந்தினால் மஸ்ட் ஹேவ். பெரும்பாலான இடங்களுக்கு இந்தச் சோதனையே போதும். ஒரு விலக்கு உண்டு: ‘தி பார்சல் ஷுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்’ என்றால் கணக்குப்படி இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. அங்கே பார்சல் வரவில்லை என்று அடித்துச் சொல்வதாக ஆகாது.

அடுத்தது, ‘அவர் சொன்னார்’ என்ற வாக்கியத்துக்குள் இவை போகும்போது என்ன மாறும் என்பது. பள்ளியில் வில் வுட் ஆகும், கேன் குட் ஆகும், மே மைட் ஆகும் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் ஷுட் ஹேவையும் இன்னும் ஒரு படி பின்னால் தள்ளப் பார்க்கிறோம். தள்ள முடியாது. ஷுட் ஹேவ், வுட் ஹேவ், குட் ஹேவ், மஸ்ட் ஹேவ் எல்லாம் ஏற்கெனவே கடந்த காலத்தில் நிற்பவை, அதற்குப் பின்னால் போக ஆங்கிலத்தில் படி இல்லை. ‘யூ ஷுட் ஹேவ் கால்டு மீ’ என்று அவர் சொன்னால், ‘ஷி செட் ஐ ஷுட் ஹேவ் கால்டு ஹர்’ என்று எழுத வேண்டியதுதான். மாறியவை ஆட்களைக் குறிக்கும் சொற்கள் மட்டுமே. ‘ஷுட் ஹேட் கால்டு’ என்பது எந்த இடத்திலும் சரியில்லை. எழுவாய் ஹி, ஷி என்று வந்தாலும் ‘ஷுட் ஹேஸ்’ ஆகாது. அதன் பிறகு வரும் வினை மூன்றாம் வடிவத்தில் இருக்க வேண்டும்: ‘ஷுட் ஹேவ் கான்’ சரி, ‘ஷுட் ஹேவ் வென்ட்’ தவறு. வேகமாகப் பேசும்போது ஹேவ் சுருங்கி ‘ஷுடவ்’ என்று ஒலிக்கும். அதைக் காதால் கேட்டு ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதும் பிழையை ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் செய்கிறார்கள்.

ஹேட் டு வேறு இனம். மேலாளர் புதன்கிழமை உங்களைக் கூப்பிட்டு, ‘வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்’ என்று சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ‘ஹி செட் ஐ ஹேட் டு சப்மிட் இட் பை ஃப்ரைடே’. இதில் கட்டளை மட்டும்தான் இருக்கிறது. கொடுத்தீர்களா இல்லையா என்பது வாக்கியத்தில் இல்லை. திங்கட்கிழமை வந்து அவர் குறை சொன்னால்தான் ஷுட் ஹேவ். இதையும் பாருங்கள்: ‘ஐ ஹேட் டு கோ டு மதுரை எஸ்டர்டே’ என்றால் போக வேண்டியிருந்தது, போனேன் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ ஷுட் ஹேவ் கான்’ என்றால் போகவில்லை. ஏறக்குறைய எதிர்ப்பொருள்.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே தவறினால் விளைவு மெயில் குழப்பத்தோடு நின்றுவிடாது. ‘மாத்திரையை நிறுத்தக் கூடாது’ என்று டாக்டர் சொன்னதை, மஸ்ட் என்பது ஹேட் டு ஆகும் என்ற பாடத்தை நம்பி ‘ஷி செட் ஐ டிட்ன்ட் ஹேவ் டு ஸ்டாப்’ என்று எழுதினால், ‘நிறுத்தத் தேவையில்லை’ என்று ஆகிவிடும். நிறுத்துவது உங்கள் விருப்பம் என்று பொருள். மஸ்ட்ன்ட் என்பதை அப்படியே விடுங்கள்: ‘ஷி செட் ஐ மஸ்ட்ன்ட் ஸ்டாப்’. அதேபோல ‘இவ்வளவு வாங்கியிருக்க வேண்டியதில்லை’ என்றால் வாங்கியாகிவிட்டது, வீண். அது ‘நீட்ன்ட் ஹேவ் பாட்’. ‘டிட்ன்ட் நீட் டு பை’ என்றால் தேவைப்படவில்லை, பெரும்பாலும் வாங்கவும் இல்லை.

வுட் ஹேவுக்கு வருவோம். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் ‘இருந்தால்’ உள்ள பக்கம் ஹேட், ‘இருப்பேன்’ உள்ள பக்கம் வுட் ஹேவ்: ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்’. பிறர் சொன்னதாக எழுதும்போதும் காலம் நகராது: ‘ஹி செட் ஹி வுட் ஹேவ் கம் இஃப் ஐ ஹேட் டோல்ட் ஹிம்’. இஃப் பக்கத்திலும் வுட் ஹேவ் போடுவதைப் பேச்சில், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில், கேட்கலாம். எழுத்தில் வேண்டாம்.

ஆனால் ‘இருப்பான்’ என்பதிலும் ஊகம் ஒளிந்திருக்கிறது. ‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்’ என்பது ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்’. இதை அவள் சொன்னதாக எழுதினால் வில் வுட் ஆகி, ‘ஷி செட் ஹி வுட் ஹேவ் ரீச்ட் ஹோம்’ என்று நிற்கும். இப்போது அவன் வீடு சேர்ந்தான் என்று அவள் நினைத்தாளா, ஏதோ தடுத்திராவிட்டால் சேர்ந்திருப்பான் என்கிறாளா? ஆங்கிலக்காரருக்கும் தெரியாது. இந்த இடத்தில் ‘ஷி தாட் ஹி ஹேட் ப்ராபப்ளி ரீச்ட் ஹோம்’ என்று உடைத்து எழுதுவதுதான் நேர்மையான வழி. இலக்கணப்படி சரியாக இருப்பது வேறு, படிப்பவருக்கு விளங்குவது வேறு.

‘போன் பண்ணியிருக்கலாமே’ என்ற மனத்தாங்கலுக்கு குட் ஹேவ். அந்த ‘ஏ’ ஆங்கிலத்துக்குள் வராது, அதனால் செட் என்பதற்குப் பதில் ‘கம்ப்ளெய்ன்ட்’ போட்டு அந்த வருத்தத்தை அங்கே ஏற்றுங்கள்: ‘ஷி கம்ப்ளெய்ன்ட் தட் ஐ குட் ஹேவ் கால்டு’.

தமிழின் ‘என்று’ இன்னொரு குழியும் வெட்டி வைத்திருக்கிறது. ‘நான் கொடுத்திருக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார்’ என்பதில் ‘நான்’ நீங்களாகவும் இருக்கலாம், தன்னையே நொந்துகொண்ட மேலாளராகவும் இருக்கலாம். மேற்கோள் குறி இல்லாத ஆங்கில வாக்கியத்தில் ஐ என்றால் எழுதுபவர் மட்டும்தான். மேலாளர் தன்னைச் சொல்லியிருந்தால் ‘ஹி செட் ஹி ஷுட் ஹேவ் சப்மிட்டெட் இட்’. அந்த இரண்டாவது ஹி மூன்றாம் ஆளாகவும் தோன்ற வாய்ப்பிருந்தால் பெயரைப் போட்டுவிடுங்கள்.

இன்சிஸ்ட் என்ற வினையோடு வரும் கட்டாயம் தனி வகை. ‘தி ஆடிட்டர் இன்சிஸ்டெட் தட் ஹி சைன்’ என்றால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றார். ‘ஹி சைன்ட்’ என்று எழுதினால், அவர் கையெழுத்துப் போட்டார் என்று ஆடிட்டர் சாதித்தார் என்ற பொருள் முன்னால் வந்துவிடும். குழப்பம் வேண்டாம் என்றால் பிரிட்டிஷ் வழக்கப்படி ‘ஷுட் சைன்’ என்று எழுதலாம்.

உங்கள் மெயிலுக்குத் திரும்புவோம். ‘வெள்ளிக்கிழமையே’ என்பதற்கு ஆன் ஃப்ரைடே போதாது, அந்த நாளைத் தாண்டக் கூடாது என்பதால் ‘பை ஃப்ரைடே’ என்று வர வேண்டும். ‘ஹி செட் ஐ ஷுட் ஹேவ் சப்மிட்டெட் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே. இட் இஸ் அட்டாச்ட்’ என்று எழுதி ஃபைலை இணைத்து அனுப்புங்கள். மேலாளரின் கண்டிப்பை மற்றப் பிரிவுக்கு அப்படியே காட்ட வேண்டாம் என்று தோன்றினால் அவரை விட்டுவிட்டு, ‘ஐ வாஸ் சப்போஸ்ட் டு சப்மிட் திஸ் பை ஃப்ரைடே’ என்று தொடங்கலாம். கொடுக்க வேண்டியது தாமதமானது என்ற செய்தி அதிலேயே வந்துவிடும்.