பில்பராவில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆஸ்திரேலியாவில், பில்பரா வட்டாரத்தில், நியூமன் பக்கம் ஓர் இரும்புச் சுரங்கத்தில் ஃபிட்டராக இருக்கிறேன். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் பெர்த்தில் லீவு. சம்பளத்துக்குக் குறையில்லை. ஆனால் எங்கே திரும்பினாலும் செம்மண், முள்புல், ஈ. பார்க்க ஒன்றுமே இல்லை. மனசு வறண்டுபோகாமல் இருக்க எதைப் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்குப் புத்தகப் பட்டியல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. தூங்குங்கள். இருட்டில் பஸ், இருட்டில் திரும்பி மெஸ், அப்புறம் ஏசி போட்ட டப்பா அறை, லீவு வந்ததும் விமானம். இதில் பில்பராவை எப்போது பார்த்தீர்கள்?

ஒரு லீவுக்கு மட்டும் பெர்த் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் தணிந்திருக்கும். வண்டி எடுத்துக்கொண்டு கரிஜினி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். 200 கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே டேல்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கினால் இருபுறமும் பாறை வரிவரியாக அடுக்கியிருக்கும். சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன் அது கடலடி. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டு அடியில் படிந்தது. நீங்கள் மாற்றிப்போடுகிற ஷவல் இயந்திரப் பற்கள் தேய்வதெல்லாம், அந்த மாதிரிப் பாறை செறிந்து உண்டான தாதுவில்தான். நியூமனில் மவுண்ட் வேல்பேக் என்று மலையே இருந்தது. இப்போது அது ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள குழி.

முள்புல் என்றீர்களே, அது ஸ்பினிஃபெக்ஸ். குனிந்து பாருங்கள் (கை ஜாக்கிரதை, ஊசியாகக் குத்தும்). வயதான புதர் நடுவில் பட்டுப்போய், ஓரத்தில் மட்டும் வளர்ந்து வளையமாக நிற்கும். பல்லி, ஓணான்களுக்கு அந்த ஊசிகளுக்குள்தான் குடித்தனம். அதன் பிசினைக் காய்ச்சித்தான் பூர்வகுடிகள் கல் அலகைக் கைப்பிடியில் ஒட்டினார்கள்.

அங்கே ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். 2020 மே மாதம் ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் இரும்புக்காகப் பில்பராவிலேயே ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக்குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 வருடங்களாக மனிதர் புழங்கிய இடம். அங்கே கிடைத்த 4,000 வருடப் பழைய முடிப்பின்னலின் மரபணு, இன்றைய குர்ராமா, பினிகுரா பூர்வகுடி மக்களோடு ஒத்துப்போயிருந்தது. திருட்டுத்தனமாக அல்ல, அரசு அனுமதியோடுதான் வெடித்தார்கள். அதுதான் ஆறவில்லை. நியூமனும் நியியாபார்லி மக்களின் மண். உங்கள் சைட்டில் அவர்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள்.

கரிஜினிக்கு வடக்கே விட்டனூம் என்றொரு பழைய ஊர். ஆர்வத்தில் அங்கே மட்டும் எட்டிப்பார்த்துவிடாதீர்கள். நீல ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிய ஊர். 1966ல் சுரங்கத்தை மூடினார்கள், நச்சுக் கழிவு அப்படியே கிடக்கிறது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு ஈ வலையும்.