லைற் எரிஞ்ச உடன பாகம் வாங்க ஓடாதேங்கோ: வாகனக் கோட் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில வாகன வயரிங் வேலை செய்யிறன். செக் எஞ்சின் லைற் பற்றிக் கனபேர் கேட்டதுகளுக்கு ஒண்டாய் இருந்து பதில் எழுதுறன். முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். லைற் எரிஞ்சால் ஸ்கானரில வாற பிழை இலக்கம்தான் கோட். அது ஈசிஎம் எண்டுற எஞ்சின் கொம்பியூட்டர்ப் பெட்டி தான் கண்டதைச் சொல்லுற சாட்சி. எந்தப் பாகம் பழுது எண்ட தீர்ப்பை நாங்கள்தான் அளந்து பார்த்துச் சொல்லவேணும். 2020 இல நிண்ட வாகன இறக்குமதி 2025 இலதான் திரும்பத் திறந்தது. அதால எங்கட ஆக்கள் வச்சிருக்கிறது கூடுதலாய் வயது போன வாகனங்கள். ஒரு சென்சரை வீணாய் மாத்தினால் போறது ஒரு குடும்பத்தின்ர மாதச் செலவு.

கோண்டாவில்: அண்ணை, என்ர விட்ஸ் காருக்கு பி 0171 வந்தது. ஒட்சிசன் சென்சர் பழுது எண்டு கராஜில சொல்லி மாத்தினம். கொஞ்ச நாளில அதே கோட் திரும்பி வந்திட்டுது. இப்ப வந்த புது சென்சரும் பழுதோ?

அந்தப் புது சென்சர் நல்லாயிருக்கும், பழசும் நல்லாய்த்தான் இருந்திருக்கும். பி 0171 சொல்லுறது எஞ்சினுக்குள்ள காத்து கூட, பெற்றோல் குறைய எண்டுதான். சென்சர் அதை அறிவிச்சது மட்டும்.

ஸ்கானரில லைவ் டேற்றாவுக்குப் போய் பியூவல் டிறிம் (ஈசிஎம் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற வீதம்) எண்ட இரண்டு இலக்கத்தையும் பாருங்கோ. ஒண்டு உடனடித் திருத்தம், மற்றது நீண்டகாலத் திருத்தம். இரண்டையும் கூட்டிப் பார்க்கவேணும். பத்து வீதத்துக்குள்ள ஏறி இறங்கினால் பயமில்லை. கூட்டல் பக்கம் இருபது, இருபத்தைஞ்சு எண்டு நிண்டால் ஈசிஎம் பெற்றோலை அள்ளி ஊத்தியும் காணாமல் நிக்குது எண்டு அர்த்தம்.

பிறகு எஞ்சினை ஐடிலில விட்டு ஒருக்கா, 2500 சுற்றில வச்சு ஒருக்கா பாருங்கோ. ஐடிலில கூடி, சுற்று ஏறக் குறைஞ்சு வந்தால் எங்கையோ காத்து களவாய் உள்ள போகுது: வக்கியூம் குழாய் வெடிப்பு, மனிபோல்ட் கஸ்கெற், எஞ்சினுக்குள்ள சேருற ஆவியைத் திரும்ப இழுக்கிற பிசிவி குழாய். ஐடிலில சரியாய் இருந்து சுற்று ஏற ஏறக் கூடினால் பெற்றோல் காணாது, இல்லாட்டி காத்தை அளக்கிற மாஸ் சென்சர் அழுக்கு. வலிகாமத்துச் செம்மண் புழுதியும் மலிவு எயார் பில்டரும் சேர்ந்தால் அந்தச் சென்சரின்ர மெல்லிய கம்பியில மண் படியும். அதுக்கெண்டு இருக்கிற ஸ்பிறேயால மட்டும் கழுவுங்கோ, துணியால தொடாதேங்கோ. ஒட்சிசன் சென்சருக்கு முன்னால சைலன்சர் குழாய் ஓட்டையாய் இருந்தாலும் வெளிக்காத்து புகுந்து இதே கோட் வரும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் சென்சரில சந்தேகப்படலாம்.

பருத்தித்துறை: புகைப் பரிசோதனைக்குப் போக முதல் பற்றறி வயரைக் கழட்டிக் கோட்டை அழிச்சால் பாஸ் பண்ணலாமோ?

லைற் அணையும், புகை மாறாது. இஞ்ச பெற்றோல் வாகனத்துக்கு குழாயில வாற காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கிறாங்கள், டீசலுக்குப் புகையின்ர கறுப்பை அளக்கிறாங்கள். அழிக்கிறதால நட்டம் உங்களுக்குத்தான். லைற் எரிஞ்ச நேரம் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, லோட் என்ன எண்டு ஈசிஎம் எடுத்து வச்சிருக்கிற பதிவும் கோட்டோட சேர்ந்து போயிடும். பிறீஸ் பிறேம் எண்டுற அந்தப் பதிவைப் போனில படம் பிடிச்சு வைக்காமல் ஒருவரையும் கோட் அழிக்க விடாதேங்கோ.

வேலணை: பெடல் சென்சர், துறொட்டில், மனிபோல்ட் அழுத்தத்தை அளக்கிற மப் சென்சர் எண்டு ஒரேயடியாய் நாலைஞ்சு கோட். ஈசிஎம் போயிட்டுது, செக்கன்ட் ஹான்ட் ஒண்டு போடுவம் எண்டு சொல்லுகினம். போடலாமோ அண்ணை?

இப்ப போடாதேங்கோ. ஒரே நாளில நாலு பாகம் தனித்தனியாய்ப் பழுதாகிறது அருமையிலும் அருமை. கனக்கக் கோட் ஒண்டாய் வந்தால் அதுகளுக்குப் பொதுவாய் என்ன இருக்கெண்டு தேடவேணும். பொதுவாய் இருக்கிறது மூண்டு: பற்றறி வோல்ற், ஏர்த் எண்டுற மைனஸ் பக்க இணைப்பு, ஈசிஎம் சென்சர்களுக்கு அனுப்புற 5 வோல்ற்.

பற்றறியைப் பாருங்கோ. ஓடாமல் நிக்கேக்க 12.6 வோல்ற் கிட்ட, எஞ்சின் ஓடேக்க சாதாரணமாய் 13.5 க்கு மேல நிக்கவேணும்.

ஏர்த்தை ஓம்ஸில அளக்காதேங்கோ. நூறு இழையில ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம்ஸ் நல்லதெண்டுதான் காட்டும். மீற்றரை டிசி வோல்ற்றில வச்சு, ஒரு முனையைப் பற்றறியின்ர மைனஸ் தலையிலயும் மற்றதை எஞ்சின் புளொக்கிலயும் வச்சு ஸ்ராற் அடியுங்கோ. அரை வோல்ற்றுக்கு மேல காட்டினால் ஏர்த் வயரில பிழை. ஈசிஎம்மின்ர ஏர்த் வயரில எஞ்சின் ஓடேக்க 0.1 வோல்ற்றுக்குக் கீழ இருக்கவேணும். தீவுப்பகுதி வாகனங்களில நான் முதல் கை வைக்கிறது இதிலதான். பண்ணைப் பாலத்தால நாளாந்தம் உப்புக்காத்துக்குள்ள போய் வாற வாகனத்தில ஏர்த் போல்ட் வெளியால பளிச்செண்டு இருக்கும், கழட்டினால் அடியில கறள்.

அடுத்தது 5 வோல்ற். பெடல், துறொட்டில், மப் எல்லாத்துக்கும் இது ஈசிஎம்மில இருந்துதான் போகுது. கன வாகனங்களில உள்ளுக்க ஒரே லைன் பிரிஞ்சு போகும். ஒரு சென்சர் உள்ளுக்குள்ள சோட் ஆனால் மற்ற எல்லாத்தின்ர 5 வோல்ற்றையும் இழுத்து விழுத்திப்போடும். சாவியை ஒன் பண்ணி, ஒரு சென்சர் பிளக்கில வோல்ற்றைப் பார்த்துக்கொண்டு மற்றதுகளை ஒவ்வொண்டாய்க் கழட்டுங்கோ. எதைக் கழட்டேக்க 5 வோல்ற் திரும்பி வருதோ, அதுதான் ஆள். எல்லாம் கழட்டியும் வராட்டி வயர் எங்கையோ உரஞ்சி பொடியில (வாகனத்தின்ர உடம்பில) முட்டுது. வயரும் நல்லது, ஏர்த்தும் நல்லது, ஈசிஎம்முக்கு வாற கரண்டும் சரி, ஆனால் 5 வோல்ற் வெளிய வரேல்லை எண்டால்தான் பெட்டியைச் சந்தேகப்படலாம்.

பெட்டி சாகிறதுக்கும் பெரும்பாலும் காரணம் இருக்கும்: தண்ணி உள்ள போனது, ஜம்ப் ஸ்ராற் அடிக்கேக்க வயரை மாறிக் கொழுவினது, பற்றறியைக் கழட்டாமல் பொடியில வெல்டிங் அடிச்சது. காரணத்தைப் பார்க்காமல் வேற பெட்டி போட்டால் அதுவும் போகும். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் ஸ்ராற் ஆக விடாத பூட்டு) உள்ள வாகனமெண்டால் வேற காரில கழட்டின பெட்டிக்கு உங்கட சாவியைப் பழக்காமல் ஸ்ராற் வராது.

கிளிநொச்சியில படிக்கிற தம்பி ஒருவர்: மலிவான புளூடூத் அடப்டர் காணுமோ, பெரிய ஸ்கானர் வாங்கவேணுமோ?

தம்பி, முதல் நல்ல மீற்றர் ஒண்டும் வயரிங் வரைபடம் வாசிக்கிற பழக்கமும் வேணும். ஸ்கானர் பிறகு. நீங்கள் கேக்கிற அடப்டர் ஈஎல்எம் 327 எண்ட கனடாக் கொம்பனிச் சிப்பின்ர பிரதி. எஞ்சின் கோட்டும் லைவ் டேற்றாவும் பார்க்க உதவும். ஏபிஎஸ், எயார்பாக் பக்கம் பெரும்பாலும் போகாது. அமெரிக்காவில 1996 இல இருந்தும், ஐரோப்பாவில பெற்றோல் கார்களுக்கு 2001 இல இருந்தும், வாகனம் தன்ர பிழையைக் கோட்டாய்ச் சொல்லுற ஓபிடி முறை கட்டாயம். யப்பான் உள்நாட்டுக்கெண்டு செய்த பழைய கார்களில ஸ்கானர் கொழுவுற பிளக் அதே வடிவத்தில இருந்தாலும் அடப்டரோட கதைக்காமல் விடலாம்.

பிளக்கில 16 ஆம் பின் பற்றறி, 4 உம் 5 உம் ஏர்த், 6 உம் 14 உம் கான் லைன், அதாவது வாகனத்தில உள்ள பெட்டியள் ஒண்டோடொண்டு கதைக்கிற வயர். யு 0100 மாதிரி 'தொடர்பு இல்லை' கோட் வந்தால் பற்றறியைக் கழட்டிப்போட்டு 6 க்கும் 14 க்கும் இடையில ஓம்ஸ் பாருங்கோ. இரண்டு முனையிலயும் 120 ஓம்ஸ் இருக்கிறதால அறுபது கிட்டக் காட்டவேணும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கு. பூச்சியத்துக்குக் கிட்டவெண்டால் இரண்டு வயரும் முட்டுது.

நல்லூர்: அக்வா கார். பி 0 ஏ 80 வந்திருக்கு. ஹைபிரிட் பற்றறி முழுக்க மாத்தவேணுமாம். நான் தனிய வேலைக்குப் போய்வாற ஆள், அவ்வளவு காசு இல்லை. பழுதான செல்லை மட்டும் மாத்தலாமோ?

அக்கா, காசு குடுக்க முதல் ஒரு அளவீடு கேளுங்கோ. முதல் மொடல் அக்வாவில 7.2 வோல்ற் மொடியூல் இருபது, மொத்தம் 144 வோல்ற். காரை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு பகுதியின்ர வோல்ற்றையும் பார்க்கிற ஸ்கானர் இருக்கு. அக்சிலேற்றரை அமத்தேக்க எது மற்றதுகளை விடக் கீழ விழுகுது எண்டதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கோ. காட்டாமல் விலை மட்டும் சொல்லுற இடத்தில செய்யாதேங்கோ.

பின் சீற்றுக்குக் கீழ பற்றறிக்குக் காத்து இழுக்கிற வாய் இருக்கு. அதில தூசி அடைச்சால், இல்லாட்டி கொழும்புக்குப் போகேக்க பையைக் கொண்டுபோய் அதுக்கு முன்னால வச்சால், எங்கட வெயிலுக்குப் பற்றறி வெந்து ஆயுள் குறையும். அதைத் துப்புரவாக்கிறது நீங்களே பார்க்கலாம். பற்றறிப் பெட்டியை மட்டும் திறக்காதேங்கோ. செம்மஞ்சள் வயர் ஆளைக் கொல்லும். தெரிஞ்சவையும் றப்பர் கையுறை போட்டு, சேர்விஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிசம் பொறுத்துத்தான் கை வைப்பினம்.

ஒண்டை மட்டும் மாத்தலாம், ஓடும். ஆனால் மற்றப் பத்தொன்பதும் அதே வயதுக்காரர். காரை விக்கிற யோசினை இருந்தாலோ காசு சேரும்வரை சமாளிக்கவோ சரி. கன வருசம் ஓடவேணுமெண்டால் முழுசாய் மாத்திறதுதான் கடைசியில மலிவு.

கொடிகாமம்: கேடிஎச் வான். ஆக்களோட ஏ9 இல வேகம் எடுக்கேக்க இழுவை போய் லைற் எரியுது. நிப்பாட்டித் திரும்ப ஸ்ராற் அடிச்சால் சரி. கோட் பி 1229.

அந்தக் கோட் டீசல் பம்புப் பக்கத்து அழுத்தத்தைச் சொல்லுறது. லோட்டில மட்டும் வாறதால இஞ்செக்ரர்களுக்கு டீசல் குடுக்கிற றெயில் குழாயின்ர அழுத்தத்தில ஈசிஎம் கேக்கிற அளவையும் கிடைக்கிற அளவையும் ஓடிக்கொண்டே பக்கத்தில வச்சுப் பாருங்கோ. முதல் பில்டர், தாங்கியில தண்ணி. 2022 தட்டுப்பாட்டில பரலில டீசல் சேர்த்து ஊத்தின வாகனங்களில கறளும் தண்ணியும் அடியில கிடக்கலாம். அதுக்குப் பிறகு பம்பில இருக்கிற, உள்ள போற டீசலின்ர அளவைக் கட்டுப்படுத்துற சக்சன் கொன்ரோல் வால்வ். பம்ப் கடைசி.

மானிப்பாய் ஐயா ஒருவர்: தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாமல் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில ஓட்டினம். காதால கேட்டே பிழை பிடிச்சம். இப்ப ஏன் எல்லாத்துக்கும் கொம்பியூட்டர்?

ஐயா, காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாத்தின கையள்தான் எங்களுக்கு வேலை பழக்கினது. அந்த யோசினை இப்பவும் அப்பிடியே வேலை செய்யுது. பி 0303 வந்தால் மூண்டாம் சிலிண்டர் அடிக்கேல்லை. உடன பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயிலை வாங்காமல், மூண்டாம் கொயிலை ஒண்டாம் சிலிண்டருக்கு மாத்திப் போட்டு ஓடவேணும். கோட் பி 0301 ஆய் மாறினால் கொயில் பிழை. மூண்டிலயே நிண்டால் பிளக், இஞ்செக்ரர், கொம்பிறசன். நீங்கள் அந்த நாளில பிளக் வயரை மாத்திப் பார்த்த அதே வேலை.

சுன்னாகம்: ஓடேக்க லைற் விட்டு விட்டு மின்னினால்?

உடன வேகத்தைக் குறைச்சு ஓரமாக்குங்கோ. எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள்ள போய் அதை எரிக்குது. மின்னாமல் நிண்டு எரிஞ்சால் ஆறுதலாய்க் கராஜ்வரை போகலாம், ஒயில் லைற்றும் சூடும் சரியாய் இருந்தால்.

காரைநகர்: மாரிக்குக் கனநாள் நிண்ட கார். பி 0118. ஸ்கானரில தண்ணிச் சூடு சைபருக்குக் கீழ நாப்பது எண்டு காட்டுது.

எங்கட ஊரில அந்தக் குளிர் வராது. சேர்க்கிற் அறுந்திருந்தால்தான் அந்த எண் வரும். இரண்டு வயர்ச் சென்சர் எண்டால் அதின்ர பிளக்கைக் கழட்டி, வயர்ப் பக்கத்து இரண்டு பின்னையும் சின்னக் கம்பியால தொடுத்துப் பாருங்கோ. காட்டுற சூடு நூறைத் தாண்டி மேல பாய்ஞ்சால் வயர் நல்லது, சென்சரை மாத்துங்கோ. அசையாமல் நிண்டால் வயர் அறுந்திருக்கு, அனேகமாய் எலி. வயரை முறுக்கி ரேப் சுத்தாதேங்கோ, அடுத்த மாரிக்குப் பச்சை பிடிக்கும். ஈயம் வச்சு ஒட்டி, சூட்டில சுருங்குற குழாய் போடுங்கோ. இனிக் கனநாள் நிப்பாட்டுறதெண்டால் போனற்றைத் திறந்து விடுங்கோ. வெளிச்சம் பட்டால் எலி கூடு கட்டுறது குறைவு.