கறியில் ஒளிந்த துப்பு: ஆசிரியர் கேள்வி – பதில்

கேள்வி: தரம் 9 பிள்ளைகளுக்கு ஷெர்லொக் ஹோம்ஸ் கதையொன்றைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "ஆர் செய்தது, ரீச்சர்?" என்பதைத் தவிர வேறெதிலும் அவர்களுக்கு நாட்டமில்லை. வாசிப்புப் பயிற்சிக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?
– தமிழ் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: முடிவையும் சேர்த்து வாசித்ததுதான் பிழை. கதையை நடுவில் நிறுத்துங்கள். 1892 டிசெம்பரில் வெளிவந்த 'சில்வர் பிளேஸ்' இதற்கு மிகவும் பொருத்தம். பந்தயக் குதிரையொன்று இரவில் காணாமல் போகிறது; அதன் பயிற்சியாளர் வெட்டவெளியில் இறந்து கிடக்கிறார்; காவலிருந்த பையன் அபின் கலந்த ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டு மயங்கிவிட்டான். அன்றிரவு லாயத்துப் பக்கம் வந்த வெளியாள் ஒருவனைப் பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறது.

கதையை நான்கு பக்கமாகச் சுருக்கி, ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் போடுங்கள். நாலு பேருக்கு ஒரு பிரதி என்றால் 40 பிள்ளைகளுக்குப் பத்துப் பிரதி போதும். ஹோம்ஸ் நாயைப் பற்றிப் பேசும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்தவேண்டும். கடைசிப் பக்கத்தை மற்றவற்றோடு சேர்த்துப் பின் அடிக்க வேண்டாம். அது மூன்றாவது பாடவேளையில்தான் வெளியே வரவேண்டும்.

கொப்பியின் நடுவே கோடிழுத்து, இடப்புறம் 'கதை சொல்வது', வலப்புறம் 'நாங்கள் ஊகிப்பது' என்று எழுதவையுங்கள். ஒவ்வோர் ஊகத்துக்கும் இரண்டு வரி எண்களாவது காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் அது அடிபடும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். நாய் குரைக்காதது அப்போதுதான் பிடிபடும். லாயத்தில் நாய் இருந்தது ஒரு வரி. மேலே படுத்திருந்த இரு பையன்களும் எதுவும் கேட்காமல் உறங்கியது இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்தால், வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர்.

எங்கள் பிள்ளைகள் தவறவிடுவது கறியைத்தான். அபினின் சுவையைக் கறி மறைத்துவிடும். ஆனால் அன்று அந்த வீட்டில் என்ன சமைப்பதென்று வெளியாள் எப்படித் தீர்மானிப்பான்? ஆகவே சந்தேகம் வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. நாளாந்தம் கறியோடு சோறு சாப்பிடும் மட்டக்களப்புப் பிள்ளைக்கு அது ஒரு துப்பாகவே படாது. முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எல்லாக் குழுக்களும் அந்த வரியைத் தாண்டிப் போன பிறகு, "மருந்துத் தூளைக் கஞ்சியில் போட்டால் தெரியுமா, இறைச்சிக் கறியில் போட்டால் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

முடிவு முன்பே தெரிந்த பிள்ளை இருந்தால் கடைசிப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, துப்புகள் ஒளிந்திருக்கும் வரி எண்களைப் பட்டியலிட வையுங்கள். அந்தப் பட்டியல் உங்களுக்கு விடைத்தாளாகவும் உதவும்.

கேள்வி: தரம் 6க்குக் கொலையும் சூதும் இல்லாத கதை வேண்டும்.
– ஆசிரியர், கல்முனை

பதில்: 1892 ஜனவரியில் வந்த 'நீல மாணிக்கம்' கதை. களவுபோன கல் ஒரு வாத்தின் தொண்டைப் பைக்குள் கிடைக்கிறது. கதைக்குள் கொலை நடக்காது. அந்தக் கல்லின் பழைய வரலாற்றில் வரும் கொலைகளையும், வாத்து வியாபாரியோடு ஹோம்ஸ் பந்தயம் கட்டும் இடத்தையும் வெட்டிவிடலாம். பழைய தொப்பியொன்றைப் பார்த்து அதன் சொந்தக்காரரை ஹோம்ஸ் ஊகிக்கும் பகுதியே ஒரு பாடவேளைக்குப் போதும். ஆனால் தொப்பி பெரிது, ஆகவே ஆள் அறிவாளி என்கிறார் அவர். அது பிழையான ஊகம். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

கேள்வி: இவற்றைப் போட்டோப்பிரதி எடுக்கலாமா?
– நூலகப் பொறுப்பாசிரியர், அக்கரைப்பற்று

பதில்: எழுதிய கொனன் டொயில் 1930இல் இறந்தார். எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். ஆங்கில மூலத்துக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்புக்கோ தனி உரிமை உண்டு. பதிப்பகத்திடம் கேட்டுவிட்டே பிரதி எடுங்கள். மூலத்திலிருந்து நீங்களே சுருக்கி எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. சுருக்கும்போது 'ஆட்டிறைச்சிக் கறி' என்பதை 'இராச் சாப்பாடு' என்று மாற்றிவிடாதீர்கள்.