மேடைப் பயமும் கடைசிப் பத்து நிமிடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேடைப் பயத்தால் பல ஆண்டுகள் பாடாமலிருந்து மீண்டு வந்த பாடகியைப் பற்றிய ஆவணப்படத்தை நீங்கள் பரிந்துரைத்திருந்தீர்கள். சென்ற வாரம் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடமும் அழுதுகொண்டே இருந்தேன். நானும் பாடுகிறவள்தான். ஒரு போட்டியில் பாட்டின் நடுவே வரி மறந்து நின்றதிலிருந்து மேடை ஏறவில்லை. படம் கொடுத்த தைரியத்தில் மறுநாளே தோழிகள் முன்னால் பாட உட்கார்ந்தேன். அதே வறண்ட வாய், அதே நடுக்கம். பாதியில் எழுந்துவிட்டேன். அவரால் பயத்தை வெல்ல முடிந்தது, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவர், தான் போடும் மாத்திரையை என்னையும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த மாதம் சிறிய நிகழ்ச்சி ஒன்றில் பாட அழைப்பு வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரோடு படத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். அது இருந்தால் பேச்சு அந்தப் பாடகியைச் சுற்றியே போய்விடும்.

நீங்கள் அழுத அந்தப் பத்து நிமிடம்தான் படத்தில் எனக்கு ஒட்டவே ஒட்டாத பகுதி. நிரம்பி வழியும் அரங்கம், எழுந்து நின்று கைதட்டும் கூட்டம், போதாததற்குப் பின்னணி இசை. ஆவணப்படம் எடுப்பவருக்கு ஒரு முடிவு வேண்டும். பணம் போட்டவருக்கு அது கட்டாயம் வேண்டும். அதற்கு அடுத்த கச்சேரியில் அவர் எப்படி இருந்தார்? படம் வாயைத் திறக்காது. பயம் ஒரே இரவில் தொலைந்துபோனதுபோல வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் அதை நம்பி, மறுநாளே உங்களுக்கும் தொலைய வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டீர்கள்.

படத்தின் நடுவில் வரும் ஒரு காட்சியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. சிறிய அறை, எதிரே மூன்று பேர். அவர் பாடத் தொடங்குகிறார். இடது கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. குரலை நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் உதறல் வருகிறது, நிறுத்திவிடுகிறார். பயிற்சியாளர் ஆறுதல் சொல்லவில்லை. முதலிலிருந்து பாடச் சொல்லவும் இல்லை. விட்ட சொல்லிலிருந்தே எடுக்கச் சொல்கிறார். எடுக்கிறார், மறுபடியும் உதறுகிறது, இந்த முறை நிறுத்தாமல் போகிறார். ஒரு நிமிடம்கூட நீளாத இந்தக் காட்சிக்காகத்தான் படத்தைப் பார்க்கச் சொன்னேன்.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடிவயிற்றுக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடுகிறது, வாய் உலர்கிறது, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. பியானோ வாசிப்பவருக்கு இது தொந்தரவு. பாடகருக்கோ வாத்தியமே இந்த உடம்புதான். அதிலும் மெல்லிய குரலில் நீட்டும் சுரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும், வேகமான வரிகளில் ஓரளவு மறைந்துவிடும். ஆகவே தோழிகள் முன்னால் நடுங்கியதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். பாதியில் எழுந்ததைத்தான் சொல்வேன், கடுமையாகத் தோன்றினாலும். எழுந்ததும் ஒரு நிம்மதி வந்திருக்குமே, அதுதான் பயத்துக்குத் தீனி. தப்பித்தால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே எழச் சொல்லும்.

வரி மறப்பது இதிலிருந்து சற்று வேறானது. பயிற்சியில் பிழை வந்தால் பெரும்பாலோர் முதல் வரிக்கே ஓடுகிறார்கள். ஆண்டுக்கணக்காக அப்படிப் பழகினால் பாட்டுக்கு ஒரே வாசல்தான் இருக்கும். நடுவில் தடுக்கினால் உள்ளே நுழைய வேறு வழி தெரியாது. எந்த வரியைச் சொன்னாலும் அங்கிருந்து எடுக்கப் பழகுங்கள். தோழியிடம் தாளைக் கொடுத்து, நினைத்த இடத்தில் உங்களை நிறுத்தச் சொல்லுங்கள். எரிச்சலூட்டும் பயிற்சிதான்.

அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பாடும்போது வரிகளை மறந்தார். அந்தப் பயம் பெரிய கச்சேரிகளிலிருந்து அவரை நெடுங்காலம் விலக்கி வைத்தது. மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பியது 1994-ல். அப்போது பாடல் வரிகள் ஓடும் திரைகளை மேடையில் வைத்துக்கொண்டார். பயம் போகட்டும், பிறகு பாடலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்தச் சுற்றுப்பயணமே நடந்திருக்காது என்பது என் ஊகம். நீங்களும் தாளைத் தாங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமலே பாடி முடித்தாலும் அது அங்கே இருக்கட்டும்.

நண்பர் சொல்லும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை: 1987-ல் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். படபடப்பையும் கைநடுக்கத்தையும் அது தணிக்கும். வில் பிடிக்கும் உங்கள் நண்பருக்கு அது பெரிய விஷயம். மறந்த வரியை எடுத்துக் கொடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவரைக் கேட்காமல் இன்னொருவருடைய அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

2014-ல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். பாட்டின் இசை மட்டும் ஒலிக்க அதோடு சேர்ந்து பாடும் கரோகேவுக்கு முன் சிலரை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்றும் சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் சொல்ல வைத்தார்கள். மதிப்பெண் போட்டது இயந்திரம். உற்சாகம் என்று சொன்னவர்களே நன்றாகப் பாடினார்கள். இதை மந்திரமாக்கிவிட வேண்டாம். ஆனால் 'பதறாதே, பதறாதே' என்று உங்களுக்கே உபதேசம் செய்துகொள்வதைவிட இது மேல். அடித்துக்கொள்ளும் நெஞ்சு சொல்லி அடங்குவதில்லை.

அழைப்பை ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் நாலைந்து முறையாவது இரண்டு மூன்று பேர் முன்னால் பாடுங்கள், நடுங்கினாலும் கடைசி வரிவரை. நிகழ்ச்சியில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டை முதலில் வைக்காதீர்கள். பலருக்குப் பயம் உச்சத்தில் இருப்பது மேடை ஏறுவதற்குச் சற்று முன்பும் முதல் சில நிமிடங்களிலும்தான். குரலின் நடுப்பகுதியிலேயே நடக்கிற, நீண்ட இழுப்புகள் இல்லாத, கொஞ்சம் வேகமான பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டு மூன்றாவதாக வரட்டும்.